கேட்க ஆளிருந்த செய்தி

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லோருமே பத்திரிகை வாசகர்களாகிவிடுவார்கள். முடிவுகள் இணையத்தில் வரத் தொடங்கும் முன்பிருந்த காலத்தைச் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் பேப்பர் கட்டு இறங்குவதற்கு முன்பே சைக்கிள்கள் வந்து காத்திருக்கும். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் பதிவெண்கள். ஒருவன் காசு கொடுத்து வாங்கினால் தெருவிலுள்ள பத்துப் பேருக்குப் பார்த்துச் சொல்வான். தேறியவன் வீட்டுக்குச் சேதி ஓட்டமாகப் போகும். எண் இல்லாதவன் வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, அவன் அப்பாவிடம் சொல்வதா, அம்மாவிடம் சொல்வதா என்று நண்பர்கள் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சொல்வதற்கு முன் இன்னொரு முறை பட்டியலைச் சரிபார்ப்பார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த வீட்டு முகத்தில் விழிக்க முடியாது.

இப்போது முடிவு குறுஞ்செய்தியாகத் தேர்வு எழுதியவரின் வீட்டுக் கைபேசிக்கே வந்துவிடுகிறது. அடுத்தவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நல்ல மாற்றம் அது. ஆனால் செய்திக்கும் இளைஞருக்கும் இடையே இருந்த மனிதர்கள் ஒவ்வொருவராக விலகியதன் தொடக்கமும் அதில் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்தியே படிப்பதில்லை என்று பெரியவர்கள் குறைப்படும்போதெல்லாம் எனக்கு மறுக்கத் தோன்றும். தன்னைத் தொடுகிற செய்தியை அன்றைய இளைஞனும் தேடினான், இன்றைய இளைஞரும் தேடுகிறார். மாறியிருப்பது வேறு. ஒரு செய்தியை எடுத்து அடுத்தவரிடம் கொடுக்கும்போது எதிரில் யார் இருக்கிறார், அவர் திருப்பிக் கேட்பாரா என்பதுதான் தலைகீழாக மாறியிருக்கிறது.

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது படித்தவர்களுக்காக மட்டும் அதை நடத்தவில்லை. கொட்டை எழுத்துத் தலைப்பு, சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும் என்பதே கணக்கு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆகவே நாளிதழ் என்பது கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதாக இருந்தது. டீக்கடையில் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் போன பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் சத்தமா வாசிப்பா" என்பார்கள். அரைக்கால்சட்டை போட்ட பையன்தான் அந்த ஊரின் செய்தி வாசிப்பாளன். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு படக்கதைக்காகப் பேப்பரைக் கையில் எடுத்த சிறுவர்கள் நாளடைவில் முதல் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தார்கள்.

வாசித்தவன் தப்பித்துப் போக முடியாது. "எந்த ஊர்ல நடந்துச்சாம்?" என்று ஒருவர் கேட்பார். "நேத்து வேற மாதிரில்ல போட்டிருந்தான்?" என்று இன்னொருவர் இழுப்பார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதே செய்தியைத் தன் கட்சிப் பத்திரிகையிலிருந்து வேறு விதமாகச் சொல்வார். சொன்னவனுக்கு அங்கேயே பதில் கிடைக்கும், தெரியாவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பேசிப் பேசியே செய்தி கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் திருந்தி, ஊருக்குள் போகும். வதந்தி அன்றும் பரவியது, வேகமாகவே பரவியது. ஆனால் அதைக் கொண்டுவந்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும்.

இதைச் சொல்லிவிட்டு டீக்கடை பெஞ்சை ஒரேயடியாகப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அந்த பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்ததில்லை. கல்லூரி போன பெண்ணுக்கும் வீட்டுக்கு வரும் பேப்பர் அப்பாவும் அண்ணனும் படித்து முடித்த பிறகுதான் கைக்கு வரும், அதற்குள் அடுப்படியில் வேலை கூப்பிட்டிருக்கும். இரட்டைக் குவளை வைத்திருந்த கடைகளில் தலித் இளைஞர் வெளியே தரையில் உட்கார்ந்துதான் அந்த வாசிப்பைக் கேட்டார், குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. அவர் தெருவில் நடந்த கொடுமை பேப்பரின் மூலையில் நான்கு வரியாக வந்தாலும் அதை யாரும் சத்தமாக வாசிக்கவில்லை. இன்று அதே தெருவிலிருந்து ஒரு பெண் தன் கைபேசியில் எடுத்த காட்சி மாலைக்குள் சென்னையில் விவாதமாகிறது. கூட்டத்துக்குள் இடமே கிடைக்காதவர்களுக்குக் கைபேசி கொடுத்திருக்கும் இடம் சிறியதல்ல. இழந்தது என்ன என்று பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

வானொலிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் பிபிசி தமிழோசையைச் சொல்லாமல் போக முடியாது. 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை ஒலித்தது. ஈழப்போர் ஆண்டுகளில் இலங்கையிலும் இங்கேயும் இளைஞர்கள் இரவு நேரத்தில் சிற்றலை முள்ளைத் திருகித் திருகி அதைப் பிடித்தார்கள். உள்ளூர் ஊடகம் சொல்லாததை, அல்லது ஒரு பக்கமாகச் சொன்னதை, ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு இரண்டாவது வாய் ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் அவர்களை அந்த நேரத்துக்கு வானொலிப் பெட்டி முன் உட்கார வைத்தது.

இன்று தமிழ் இளைஞர்கள் அதிகமாகப் பகிர்வது நியூஸ் கார்டு. ஒரு படம், ஒன்றிரண்டு வரி, மூலையில் தொலைக்காட்சியின் முத்திரை, அவ்வளவுதான். இதைக் கைபேசி கண்டுபிடித்ததாக நினைத்தால் நம் பெட்டிக்கடைகளுக்குச் செய்யும் அநியாயம். மாலைமுரசும் மாலைமலரும் கடை முகப்பில் தொங்கவிட்ட போஸ்டர்தான் அதன் தாத்தா. இன்னும் பின்னால் போனால், 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கேலிச்சித்திரங்கள் வெளியிட்டார், எழுத்துப் படிக்காதவனுக்கும் அரசியல் போய்ச் சேரட்டும் என்று. ஆனால் போஸ்டருக்கும் கார்டுக்கும் வேலை ஒன்றல்ல. போஸ்டர் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கும். யார் கைது, எந்த நடிகர் என்று தெரிய வேண்டுமானால் காசு கொடுத்துப் பேப்பரை வாங்கி உள்ளே போக வேண்டும். கார்டு எல்லாவற்றையும் அந்த இரண்டு வரியிலேயே சொல்லிவிடுவதாகக் காட்டிக்கொள்கிறது. உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை என்ற நிறைவை அது தந்துவிடுகிறது. லிங்க் கமெண்டில் இருக்கிறது என்று கீழே எழுதியிருப்பார்கள். அதைத் தொடுபவர் குறைவு.

உலகம் முழுக்க இதே போக்குதான். ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, இணையத்தில் செய்தி படிப்பவர்களில் நேராகச் செய்தித் தளத்துக்கோ செயலிக்கோ போவதைத் தங்கள் முதன்மை வழியாகச் சொன்னவர்கள் 22 விழுக்காடு. 2018இல் இது 32 ஆக இருந்தது. முக்கியமான செய்தி என்றால் அது எப்படியும் என் கைக்கு வந்துவிடும் என்பது இளையோரின் நம்பிக்கை. அது வெறும் சோம்பேறித்தனமல்ல. நாள் முழுக்கக் கைபேசி அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் உறைந்த காலம் என்று 2015 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரையான பதின்மூன்று, பதினான்கு மாதங்களைச் சொல்வேன். சென்னை வெள்ளத்தின்போது எந்தத் தெருவில் படகு, எங்கே சோறு, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பதையெல்லாம் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இளைஞர்களே தொகுத்தார்கள். தமிழ்நாடு வெதர்மேன் என்ற பெயரில் எழுதிய பிரதீப் ஜானின் பதிவைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போன வீடுகள் ஏராளம். செய்தி நிறுவனத்தைவிடத் தனிமனிதர் ஒருவரின் பேச்சுமொழிக் கணிப்பை நம்பலாம் என்ற எண்ணம் அப்போது வேர் விட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, எண்ணி எண்ணிச் செலவழித்த டேட்டா தண்ணீராக ஓடியது. நான்கு மாதத்தில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். தொலைக்காட்சி வண்டிகள் வருவதற்கு முன்பே கைபேசி வெளிச்சத்தில் கூட்டம் தன்னைத்தானே ஒளிபரப்பிக்கொண்டது. செய்தியைப் பெறுபவனும் கொடுப்பவனும் நானே என்று ஒரு தலைமுறை உணர்ந்தது அந்த வாரத்தில்தான். அடுத்த மாதமே வாட்ஸ்அப் படங்களோடு கூடிய ஸ்டேட்டஸ் வசதியைக் கொண்டுவந்தது.

இந்த ஸ்டேட்டஸைத்தான் நான் ஊன்றிப் பார்க்கச் சொல்வேன். கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு கார்டை ஸ்டேட்டஸில் வைக்கும்போது ஊருக்குச் சேதி சொல்வது அவரது முதல் நோக்கமாக இருப்பதில்லை. நான் யார் பக்கம், எதற்குக் கோபப்படுகிறேன், யார் இறந்ததற்கு வருந்துகிறேன் என்பதைத் தன் கைபேசியில் உள்ள இருநூறு பேருக்குத் தெரிவிக்கிறார். ஒரு தலைவர் இறந்த செய்தி, தன் அணி வென்ற செய்தி, தன் ஊர் பெயர் வந்த செய்தி என எல்லாமே 'என்னைப் பற்றிய' செய்திகள். சீமானா, விஜய்யா, திமுகவா, அதிமுகவா என்பது கார்டின் நிறத்திலேயே தெரிந்துவிடும். நண்பர்கள் நாலு பேர் வைத்துவிட்டால் ஐந்தாமவர் வைக்காமலிருப்பதும் ஒரு பேச்சாகிவிடுகிறது. "ஏன்டா, நீ மட்டும் ஒண்ணும் போடல?" என்ற கேள்விக்கு அஞ்சி வைக்கப்படும் கார்டுகளும் உண்டு. பார்த்தவர்களின் எண்ணிக்கை கீழே தெரியும். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது மட்டும் தெரியாது. டீக்கடையில் இருந்த அந்தக் குறுக்குக் கேள்வி இங்கே மௌனமாகிவிடுகிறது. "இது பொய்யாச்சே" என்று தெரிந்தவர்கூடப் பத்தோடு பதினொன்றாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். 24 மணி நேரத்தில் அது தானாக மறையப்போகிறது, எதற்கு வம்பு?

பெண்களின் கணக்கு வேறு. சித்தப்பா, மாமா, பெரியம்மா மகன் எல்லோரும் இருக்கும் எண்ணில் அரசியல் கார்டு வைத்தால் மறுநாள் வீட்டுக்கு ஃபோன் வரும். "உங்க பொண்ணு என்னென்னமோ போடுது" என்பார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் கோயில் படமும், இன்ஸ்டாகிராமில் நெருங்கிய தோழிகளுக்கு மட்டும் தெரியும் வட்டத்தில் உண்மையான செய்தியும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பாலியல் வன்முறை பற்றிய செய்திகளும் சாதி மறுப்புத் திருமணக் கொலைகள் பற்றிய செய்திகளும் இந்தச் சின்ன வட்டங்களில்தான் முழுதாகப் பேசப்படுகின்றன. வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இந்தப் பெண்களுக்குச் செய்தியில் அக்கறை இல்லை என்று தோன்றும். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை அவர்களோடு அரைமணி நேரம் பேசினாலே தெரிந்துவிடும்.

எந்தச் செய்தி விரலை நிறுத்துகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் எவை அதிகம் பகிரப்பட்டன என்று ஆராய்ந்த பெர்கரும் மில்க்மனும் 2012இல் சொன்னது, வியப்பும் கோபமும் பதற்றமும் ஊட்டியவை பரவின, வெறும் சோகம் அவ்வளவு பரவவில்லை என்பதே. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளைப் பார்த்த எம்ஐடி ஆய்வில், பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதை எந்திரக் கணக்குகள் மட்டும் செய்யவில்லை, மனிதர்கள்தான் செய்தார்கள்.

நம் ஊரில் இதன் விலை என்ன என்பதை 2018 மே மாதம் காட்டியது. குழந்தை கடத்தும் வடமாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று குரல் பதிவுகள் ஊர் ஊராகச் சுற்றின. குரல் பதிவு என்ற வடிவமே நம்பிக்கையைத் தூண்டக்கூடியது. நம் வட்டாரப் பேச்சில், பதறிய குரலில் ஒருவர் பேசினால் அது பக்கத்து ஊர்க்காரர் என்று மனம் எடுத்துக்கொள்ளும். கூடவே சுற்றிய காணொளி ஒன்று, பாகிஸ்தானில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். முடிவில் வரும் விளக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக ஊர் கூடி அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் குரல் பதிவைத் தன் குரூப்புக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்களில் யாரும் அந்த அம்மாவைக் கொல்ல நினைத்தவர்களல்ல. நம் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினார்கள். அந்த நல்லெண்ணத்தைத்தான் என்னால் இன்றுவரை கடந்து போக முடியவில்லை.

அந்த ஆண்டு வாட்ஸ்அப் 'ஃபார்வர்டு' என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பயன் இருந்தது. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புதிதாக ஏற்றினால் அந்த அடையாளம் ஒட்டாது. கார்டு என்பது பிறந்ததிலிருந்தே படம், ஆகவே அது சுற்றுவதற்குத் தடையே இல்லை. போலிக் கார்டு செய்பவர்களுக்கும் வேலை சுலபம். தொலைக்காட்சியின் அதே நிறம், அதே எழுத்துரு, அதே முத்திரை. ஒரு தலைவர் சொல்லாததைச் சொன்னதாக ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். சம்பந்தப்பட்ட தொலைக்காட்சி மறுநாள் அதன் மேல் சிவப்பில் 'போலி' என்று குத்தி வெளியிடும். அந்த மறுப்பு, முதல் கார்டு போன இடமெல்லாம் போவதில்லை.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வந்த காணொளிகள், இதோடு தொடர்பே இல்லாத வேறு சம்பவங்களின் காட்சிகள். அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு தாமே காணொளியில் தோன்றி மறுத்தார், பீகார் அரசு குழுவை அனுப்பிப் பார்த்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்த இளைஞர்கள் பலர் பயந்து ரயிலேறியிருந்தார்கள். வீட்டிலிருந்து அம்மாக்கள் அழுது கூப்பிடும்போது டிஜிபி சொன்னது எப்படிக் காதில் விழும்?

இதற்கெல்லாம் இளைஞர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்தவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள் மிக இளைய பிரிவினரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச் செய்தித் தளங்களின் கட்டுரைகளைப் பகிர்ந்ததாகக் கண்டார்கள். நம் குடும்ப குரூப்புகளைப் பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தைச் சிறந்ததாக அறிவித்தது என்ற பழம்பொய்யைப் பேரப்பிள்ளைகள்தான் "தாத்தா, அது ஃபேக்" என்று சொல்லித் திருத்துகிறார்கள். திருத்தத் தயங்கிப் பேசாமல் குரூப்பை மியூட்டில் போடுகிறவர்களும் உண்டு. மூத்தவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்தவர்கள் நாம்தானே.

செய்தியை மிகக் கவனமாகப் படிக்கும் இளைஞர்களைப் பார்க்க வேண்டுமானால் காலையில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள், அல்லது கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கோடிட்டு, குறிப்பெடுத்து, அமைச்சரவை முடிவையும் விருதுப் பட்டியலையும் மனனம் செய்துகொண்டிருப்பார்கள். 2022 குரூப் 4 தேர்வுக்கு மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 'நடப்பு நிகழ்வுகள்' என்ற தலைப்பில் டெலிகிராம் குரூப்புகளில் தினமும் பிடிஎஃப் சுற்றுகிறது. அங்கே ஒரு தேதி தப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் யாராவது சுட்டிக்காட்டி, அட்மின் திருத்தி மீண்டும் ஏற்றுகிறார். ஒரு மதிப்பெண்ணில் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோரையும் மெய்ப்பு பார்ப்பவர்களாக்கியிருக்கிறது.

மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கலாம். நாளை விடுமுறை என்று இரவு எட்டு மணிக்கு ஒரு கார்டு வரும். அதை அப்படியே நம்பி எவரும் தூங்குவதில்லை. ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள், போன வருஷத்துக் கார்டா என்று தேதியைத் தேடுவார்கள், மாவட்டம் பிரிந்ததற்கு முந்தையதா பிந்தையதா என்றுகூடக் கவனிப்பார்கள், வகுப்பு குரூப்பில் ஆசிரியரைக் கேட்பார்கள். எந்த ஊடகப் பயிலரங்கமும் இதைச் சொல்லித் தரவில்லை. நம்பி ஏமாந்தால் நாளைக்கு வகுப்பில் நிற்கப்போவது தான்தான் என்று தெரிந்திருக்கிறது. திருப்பூர்த் தொழிலாளியைப் பற்றிய காணொளியில் ஏமாந்தால் நிற்கப்போவது வேறொருவர், அதுவும் கண்ணுக்குத் தெரியாதவர். தனக்குப் பாதிப்பு வரும் இடத்தில் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, அடுத்தவருக்குப் பாதிப்பு வரும் இடத்திலும் அதே கையால் அதே பக்கங்களைத் திறக்கத் தெரியும். அந்த அடுத்தவர் யார் என்பது செய்தியின் வடிவத்திலேயே தெரியவேண்டும்.

அதை இளைஞர்களிடம் மட்டும் கேட்பது சரியல்ல, கார்டு செய்பவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். நம் நாளிதழ்களில் ஒவ்வொரு செய்தியும் 'மதுரை, ஜூன் 3' என்று ஊரையும் நாளையும் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். கார்டில் பரபரப்புச் சொல்லுக்கும் முத்திரைக்கும் கிடைக்கும் இடம் இந்த இரண்டுக்கும் கிடைப்பதில்லை, தேதி இருந்தாலும் கண்ணாடி போட்டுத் தேடும் அளவில் ஓரத்தில் இருக்கும். ஊர்ப்பெயரையும் தேதியையும் தலைப்பின் அளவுக்கே பெரிதாகப் போடட்டும். சொன்னது போலீஸா, நேரில் பார்த்தவரா, கட்சிக்காரரா என்பதை ஒரு சொல்லில் சேர்க்கட்டும். அந்த ஊர் நிருபரின் பெயரையும் போடட்டும். போலிக் கார்டு செய்பவர் இவற்றையும் நகலெடுப்பார் என்பது உண்மைதான். ஆனால் ஊரும் நாளும் பெயரும் இருந்தால், அந்த ஊரில் உள்ள ஒரு மாணவியாவது "நான் இங்கதான் இருக்கேன், அப்படி எதுவும் நடக்கல" என்று பதில் எழுத முடியும்.